விலங்கியலும் தாவரவியலும் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு



தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் விலங்கியல், தாவரவியல், சுற்றுச்சூழல் அறிவியல் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இந்த மடல். உங்களில் பலர் விரும்பிக் கேட்டு இந்தப் பாடத்துக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். மருத்துவம் கிடைக்கவில்லை, செவிலியர் படிப்புக்குப் பணம் போதவில்லை, கணினி அறிவியலில் இடம் நிரம்பிவிட்டது. கலந்தாய்வில் மிச்சமிருந்தது இதுதான். "இதைப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் "பி.எட். முடிச்சு டீச்சர் ஆவேன்" என்று சொல்லிப் பழகியிருப்பீர்கள். ஆசிரியர் வேலை நல்ல வேலை. ஆனால் அது ஒன்றுதான் வழி என்று நம்பிக்கொண்டு மூன்று வருடத்தையும் கழித்துவிடாதீர்கள். காட்டையும் கடலையும் ஏரியையும் ஆராய்வதும் காப்பதும் இன்று சம்பளம் வாங்கிச் செய்கிற வேலை. அதற்குத் தேவையான முதல் தகுதியை நீங்கள் இருக்கிற ஊரிலேயே, இந்தப் பருவத்திலேயே சம்பாதிக்க முடியும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தகுதி, ஓர் உயிரைப் பார்த்தால் இன்னதென்று அடையாளம் சொல்லத் தெரிவது. பார்த்ததை ஒழுங்காக எழுதிவைக்கத் தெரிவது.

களப்பணிக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். நல்ல மதிப்பெண்ணோடு முதுகலை முடித்தவர்கள் வருகிறார்கள். உணவுச் சங்கிலியைப் பற்றிக் கேட்டால் தடையில்லாமல் சொல்கிறார்கள். அவர்கள் கல்லூரி வளாகத்தில் நிற்கும் மரங்களில் பத்தைச் சொல்லுங்கள் என்றால் வேம்பு, புங்கை, அரசு என்று தொடங்கி ஐந்தாவதில் நின்றுவிடுகிறார்கள். இது அவர்கள் குற்றமில்லை. பாடத்திட்டம் அவர்களைப் பூட்டிய ஆய்வகத்திலிருந்து வெளியே அழைத்துப் போகவில்லை. அதே நாளில், குறைந்த மதிப்பெண் வாங்கிய ஒருவர் ஒரு நோட்டோடு வருகிறார். தன் ஊர்க் கண்மாயில் வாரா வாரம் எண்ணிய நாமக்கோழி, ஊசிவால் வாத்து, உள்ளான், தேதி, நேரம், தண்ணீர் எவ்வளவு இருந்தது, கரையில் ஆடு மேய்ந்ததா என்பதுவரை அதில் இருக்கிறது. நாங்கள் யாரை எடுப்போம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த நோட்டு ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? காட்டில் எத்தனை புள்ளிமான் இருக்கிறது என்று யாரும் ஒன்றுவிடாமல் எண்ணிவிட முடியாது. ஒரு நேர்க்கோட்டுப் பாதையை வகுத்துக்கொண்டு விடியற்காலையில் நடக்கிறோம். இதைத்தான் டிரான்செக்ட் என்கிறோம். மான் கூட்டத்தைக் கண்டால் எத்தனை, எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் என்று மூன்றையும் குறிக்கிறோம். பாதையிலிருந்து விலக விலகக் கண்ணில் படுவது குறையும். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை வைத்து, பார்க்காமல் தவறவிட்டவை எத்தனை என்று கணக்கிடுகிறோம். புலிக்கு வேறு முறை. ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது. தானியங்கி கேமராவில் பதிந்த அதே புலி மறுபடி எத்தனை முறை பதிகிறது என்பதிலிருந்து மொத்தம் எத்தனை இருக்கலாம் என்று புள்ளியியல் சொல்லும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு முழுவதும் நடக்கும் புலிக் கணக்கெடுப்பு இப்படித்தான் நடக்கிறது. களத்தில் நடப்பவர் தூரத்தைக் குத்துமதிப்பாக எழுதினாலோ, கடம்பையைப் புள்ளிமான் என்று குறித்தாலோ, தில்லியில் உட்கார்ந்து எவ்வளவு பெரிய கணக்குப் போட்டாலும் விடை தப்பாகத்தான் வரும். முழு அறிவியலும் அந்தக் காலை நேரத்து நேர்மையை நம்பி நிற்கிறது. ஊர்க் கண்மாயில் யாரும் சொல்லாமலே வாரா வாரம் எண்ணியவரிடம் அந்த நேர்மை ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே கணிதத்தைக் கண்டு ஓடாதீர்கள். புள்ளியியல் தாளைத் தேர்ச்சிக்காக மட்டும் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். வரைபடம் போட கியூஜிஐஎஸ், தரவை அலச ஆர் என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசம். கல்லூரிக் கணினி அறையிலேயே பழகலாம். உயிரினத்தை அடையாளம் காணவும் தெரிந்து, இந்த இரண்டையும் ஓரளவு கையாளவும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அவர்களைத் தேடித்தான் எல்லாத் திட்டங்களும் விளம்பரம் கொடுக்கின்றன.

அடையாளம் காணக் கற்க எங்கே போவது? நம் ஊர்களிலேயே பொக்கிஷங்கள் இருக்கின்றன. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றி அருட்தந்தை கே. எம். மேத்யூ எழுதிய பெரும் தொகுதிகள் அங்கிருந்துதான் உருவாயின. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம், சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மையம், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சூழலியல் துறை. உலர்தாவரத் தாள்களையும் பதப்படுத்திய மாதிரிகளையும் தலைமுறைகளாகச் சேர்த்து வைத்திருக்கும் இடங்கள் இவை. துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு முன்கூட்டிக் கேட்டுப் போங்கள். உங்கள் தெருவில் பறித்து, நாளிதழுக்கு நடுவில் வைத்துக் காயவைத்த செடிகளைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கோடை விடுமுறையில் புல் குடும்பத்தை மட்டும் படித்தால்கூடப் போதும். புல்லை அடையாளம் சொல்கிறவருக்கு இந்தத் துறையில் என்றும் வேலை உண்டு, ஏனென்றால் யானையும் காட்டெருமையும் வரையாடும் தின்பது அதைத்தான். ஆனால் அதைப் படிக்க யாரும் முன்வருவதில்லை.

மேற்படிப்புக்கு வெளிமாநிலம் போயே ஆகவேண்டும் என்பதில்லை. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியலில் முதுகலை இருக்கிறது. இந்தியக் காடுகளில் எங்கே போய் வேலை செய்தாலும் இந்த இரண்டு கல்லூரிகளில் படித்த ஒருவரையாவது சந்திக்கிறேன். வனவியல் படிக்க மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயராய்வு மையம், பவளப்பாறைகளுக்குத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம். வெளியே போக முடிந்தால் டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனமும் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் நடத்தும் முதுகலைப் படிப்புகள் மிகச் சிறந்தவை. பெங்களூர்ப் படிப்பில் எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம். இரண்டிலும் இடங்கள் கொஞ்சம், போட்டி கடுமை. கோவை ஆனைகட்டியில் 1990 முதல் இயங்கிவரும் சாலிம் அலி மையம் இப்போது இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் தென்னிந்திய மையமாக இருக்கிறது; அங்கே ஆய்வுத் திட்டங்களுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

அரசு வேலையைப் பற்றி உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். வனக் காப்பாளர், வனக் காவலர் பணிகள் இப்போது குரூப் 4 தேர்விலேயே வருகின்றன. உதவி வனப் பாதுகாவலர் பணிக்குத் தனித் தேர்வு. அகில இந்திய அளவில் இந்திய வனப்பணி. விலங்கியலும் தாவரவியலும் அதற்கு நேரடித் தகுதியான பாடங்கள், ஆனால் முதன்மைத் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் நடைத் தேர்வில் விழுவது உண்டு. ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இன்றிலிருந்து நடந்து பழகுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வனக் காப்பாளர் வேலையைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு பீட்டில், அதாவது அவர் பொறுப்பிலுள்ள காட்டுப் பகுதியில், எந்த மரம் எப்போது பூக்கிறது, எந்த ஓடை எப்போது வற்றுகிறது என்று அறிந்தவர் அவர்தான். விலங்கியல் படித்த ஒருவர் அந்த இடத்தில் இருந்தால் அந்தக் காட்டைப் பற்றிய பதிவே வேறு தரத்துக்குப் போகும்.

கடந்த சில ஆண்டுகளில் நம் மாநிலத்தில் நடந்தவற்றைப் பாருங்கள். 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலை ஐந்தாவது புலிகள் காப்பகமானது. 2022இல் மட்டும் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுக் காப்பகம், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயம், 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டம் எல்லாம் வந்தன. வரையாடுகளை 2024இல் எண்ணியபோது 1,031, 2025இல் 1,303. ராம்சார் பட்டியலில் நம் ஈரநிலங்கள் 20. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் கடற்புல் படுகையை அளக்க ஒருவர், தேவாங்கின் கண்ணொளியை இரவில் டார்ச் அடித்து எண்ண ஒருவர், வரையாட்டுப் புழுக்கையைப் பொறுக்கி ஆய்வகத்துக்கு அனுப்ப ஒருவர், ஊர்க்காரர்களிடம் பேச ஒருவர் தேவைப்படுகிறார்கள். காலநிலை, ஈரநிலம், மரப்பரப்பு என்று அரசு தனித்தனி இயக்கங்களைத் தொடங்கியிருக்கிறது. மாவட்டங்களில் அவற்றுக்கு உதவ, முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் இளைஞர்களை இரண்டு ஆண்டுக்கு எடுக்கிறார்கள்.

அழிந்ததைத் திரும்ப வளர்க்கிற வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் இருபது ஆண்டுக்கும் மேலாக மீட்டு வருகிறார்கள். அங்கே நாற்றங்கால் வைப்பது எளிதில்லை. மழைக்காட்டு மரங்களில் பலவற்றின் விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. விழுந்த சில நாளில் போட்டால்தான் முளைக்கும். அப்படியானால் எந்த மரம் எந்த மாதம் பழுக்கிறது, எந்தப் பறவை முதலில் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காடு பட்டுப்போன இடங்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். மண்ணில் உப்பு ஏறியதும் ஓதநீர் வந்துபோக வழியில்லாமல் போனதும்தான் காரணம் என்று கண்டுபிடித்த பிறகே அந்த வாய்க்கால். நீரோட்டம் திரும்பியது, காடும் திரும்பியது. முதுமலையில் பரவிவிட்ட மஞ்சள் கொன்றையை வெட்டி எடுத்துக் காகித ஆலைக்குக் கூழ் மரமாக அனுப்புகிறார்கள். வெட்டிய இடத்தில் எந்தப் புல் வர வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டும். மரக்கன்று நடுவதாகச் சொல்லிக்கொண்டு புல்வெளியில் மரத்தை நட்டு அதைக் கெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கே நடக்கூடாது என்று துணிந்து சொல்ல, படித்த உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

துணிவு வேண்டிய இன்னொரு இடம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. 2006 அறிவிக்கையின்படி சுரங்கம், துறைமுகம், அனல்மின் நிலையம் போன்றவற்றுக்கு அனுமதி கேட்கும்போது அறிக்கை தர வேண்டும். அதைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களில் சூழலியலும் பல்லுயிரும் தெரிந்த ஒருவர் இருந்தாக வேண்டும். சம்பளம் பரவாயில்லை, மாதா மாதம் வரும். ஆனால் களத்துக்கே போகாமல், வேறொரு மாவட்டத்து அறிக்கையிலிருந்து உயிரினப் பட்டியலை எடுத்து ஒட்டும் வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. உங்கள் பெயர் போட்டுக் கையெழுத்திடச் சொல்வார்கள். அந்தக் காகிதத்தை நம்பித்தான் ஓர் ஏரி இருக்கலாமா போகலாமா என்று முடிவெடுக்கிறார்கள். நீங்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதாதீர்கள். அதற்காக வேலை போனால் போகட்டும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது, வீட்டுக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆகவே சேரும்போதே களப்பணிக்கு எத்தனை நாள், எந்தெந்தப் பருவத்தில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்" என்று பதில் வந்தால் அங்கே சேராதீர்கள்.

இப்போது கசப்பான பகுதி. இந்தத் துறையில் பெரும்பாலான வேலைகள் ஒப்பந்த வேலைகள். திட்டம் இரண்டு ஆண்டு என்றால் வேலையும் இரண்டு ஆண்டு. நிதியின் அடுத்த தவணை தாமதமானால் சம்பளமும் தாமதமாகும். நெட் தேறி இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நெட் இல்லாத கள உதவியாளருக்கு அதில் பாதிகூட வராத இடங்கள் உண்டு. சம்பளமே இல்லாமல் "அனுபவம்" தருவதாகச் சொல்கிறவர்களும், தன்னார்வலராக வர உங்களிடமே பணம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒரு வருடம் சம்பளமில்லாமல் காட்டில் இருந்துவிட்டு வரலாம், அந்த அனுபவத்தைக் காட்டி அடுத்த வேலையும் வாங்கலாம். கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளையால் அது முடியாது. நம் துறையின் பெரிய அநியாயம் இதுதான். இதைப் பேசாமல் வாய்ப்புகளைப் பற்றி மட்டும் பேசுவது சரியில்லை. எனவே எந்த இடத்தில் சேர்வதானாலும் வெட்கப்படாமல் கேளுங்கள்: சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும்? பேருந்துக் கட்டணம், சாப்பாடு, தங்குமிடம் யார் பொறுப்பு? காப்பீடு உண்டா? நான் சேகரித்த தரவில் கட்டுரை வந்தால் என் பெயர் எங்கே வரும்? இவற்றைக் கேட்டதற்காக முகம் சுளிக்கிறவரிடம் வேலை செய்து நீங்கள் கற்றுக்கொள்ளப் போவது எதுவுமில்லை.

தங்கைகளுக்குத் தனியாக. தங்கும் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, களத்துக்கு உங்களோடு யார் வருவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்பது 2013 சட்டம். குழுவில் யார் யார் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. "பொம்பளைப் புள்ளைய காட்டுக்கு அனுப்புறதா" என்று வீட்டில் பயப்படுவார்கள். அந்தப் பயம் பாசத்தில் வருவது. அதோடு சண்டை போடாதீர்கள். ஒருமுறை அம்மாவையோ அப்பாவையோ நீங்கள் தங்கப்போகும் இடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சம்மதம் கிடைத்தது. இனி எல்லோருக்கும் ஒன்று: யானையைவிட, பாம்பைவிட, களத்தில் நாங்கள் அதிகம் பார்த்தது உண்ணிக் காய்ச்சலை. காட்டிலிருந்து வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால், எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அது ஸ்கிரப் டைஃபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல்தான் என்று தெரிந்துவிட்டால் மருந்து இருக்கிறது. தெரியாமல் விட்டால்தான் ஆபத்து.

ஆங்கிலம் வராது என்ற பயம் உங்களில் பலருக்கு இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, படித்தாக வேண்டும். வாரம் ஒரு கட்டுரை, அகராதியோடு. ஆனால் களத்தில் தமிழ் உங்களுக்குப் பெரிய பலம். முதுமலையிலும் ஆனைமலையிலும் களக்காட்டிலும் காட்டை அறிந்தவர்கள் காணிகளும் காடர்களும் மலசர்களும் இருளர்களும் குறும்பர்களும்தான். அவர்களோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நேராக உட்கார்ந்து பேச உங்களால் முடியும். அவர்களிடம் கற்றுக்கொள்ளப் போங்கள், சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைத் தருகிறது. நாகத்தையும் விரியனையும் பிடித்து, விஷம் எடுத்து, சில வாரத்தில் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவரை போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களைப் போன்றவர்கள் உங்களோடு களத்தில் நடக்கும்போது, உங்கள் அறிக்கையில் அவர்கள் பெயரும் இருக்கட்டும். "உள்ளூர் உதவியாளர்" என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி ஈபேர்ட் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்கள் மணிமுத்தாறு அகத்தியமலை மையத்தினர் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடத்தும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம். குளம் குளமாகப் போய் எண்ணுவதை மூத்தவர்கள் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜனவரி பிறந்ததும் ஆமை நடை தொடங்கிவிடும். 1988 வாக்கில் மாணவர்களே தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இன்றும் இரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறது. பைனாகுலர் இல்லையே என்று தயங்காதீர்கள். மடையான், மீன்கொத்தி, முக்குளிப்பான், கரிச்சான் எல்லாம் வெறுங்கண்ணுக்குத் தெரியும். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் எண்ணட்டும், இன்னொருவர் எழுதட்டும். சந்தேகமான பறவைக்கு நேரே பெயரை ஊகித்து எழுதாமல் கேள்விக்குறி போட்டு, கால் நிறத்தையும் அலகின் வடிவத்தையும் குறித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா ஒருத்தி